பெயிண்ட் வேலையில பேசுற பாஷை: சுவர் பார்க்கறதுல ஆரம்பிச்சு டச்சப் வரைக்கும் முழு வழிகாட்டி

வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிட்டா அவர் வந்து சுவரை ஒரு சுத்து பார்த்து முடிக்கறதுக்குள்ள ஏகப்பட்ட வார்த்தை வந்து விழும். ரெண்டு கோட் பட்டி, ஒரு கோட் பிரைமர், இங்க ஓதம் அடிக்குது, அங்க ஏர் கிராக் இருக்கு, கட்டிங் வேலை ஜாஸ்தி, டச்சப் கடைசில பாத்துக்கலாம்னு சொல்லிக்கிட்டே போவாரு, நாமளும் சரி சரின்னு தலையாட்டிடுவோம். வேலை முடிஞ்சு பார்க்கும்போதுதான் அவர் சொன்ன ரெண்டு கோட் வேற, நம்ம மனசுல இருந்த ரெண்டு கோட் வேறன்னு புரியும். இதுல யாரும் பொய் சொல்லல, அளவு இல்லாம வார்த்தைய மட்டும் பேசிட்டோம், அவ்ளோதான்.

அதனால இந்த வழிகாட்டில வார்த்தைகளை அகராதி மாதிரி அடுக்காம வேலை நடக்கிற வரிசையிலயே சொல்றேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி என்ன அளவு இருக்கு, நாம எதைக் கேட்டு வாங்கணும்னு சேர்த்தே பாருங்க. கோட்னா எத்தனை, தாள்னா எத்தனாம் நம்பர், காயணும்னா எத்தனை மணி நேரம். இது தெரிஞ்சா போதும், நீங்களே அடிக்கறதா இருந்தாலும் சரி, ஆள் வச்சு அடிக்கறதா இருந்தாலும் சரி.

படி 1: சுவரைப் பார்க்கறது

முதல்ல சுவர் புதுசா பழசான்னு பார்க்கணும். புதுசா பூசின சிமெண்ட் பூச்சுன்னா "க்யூரிங் முடிஞ்சுதா"ன்னு கேப்பாங்க. பூச்சு நல்லா இறுகி உள்ள இருக்கிற தண்ணி வெளியேறவும் காரத்தன்மை கொஞ்சம் அடங்கவும் 28 நாள்ங்கறது பொதுவா சொல்ற கணக்கு. புது சிமெண்ட் பூச்சோட பி.எச். அளவு 12, 13 வரைக்கும் இருக்கும், அது கடுமையான காரம். அந்த நிலையில ஆயில் பெயிண்ட் அடிச்சா பெயிண்ட்ல இருக்கிற எண்ணெய் காரத்தோட சேர்ந்து நிஜமாவே சோப்பா மாறிடும், இதுக்குப் பேரு சபோனிஃபிகேஷன், பெயிண்ட் பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சு வந்துடும். அவசரப்பட்டு அடிச்ச புது வீடுகள்ல நடக்கிற கூத்து இது.

ஓதம்னா சுவருக்குள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம். இதுல ரெண்டு ரகத்தை பிரிச்சுக் கேக்கணும். தரையில இருந்து மேல ஏறுற ஓதம் ஒண்ணு, இது சுவரோட அடிப்பக்கத்துல கோடு போட்ட மாதிரி தெரியும். வெளிச்சுவர் கீறல் வழியாவோ குழாய் கசிவுலயோ வர்றது இன்னொண்ணு, இது எங்க வேணாலும் திட்டு திட்டா வரும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற, ஆனா ரெண்டுக்கும் பெயிண்ட் வைத்தியம் கிடையாது. தண்ணி வர்ற வழிய அடைக்காம "வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, உள்ளுக்குள்ள இருக்கிற ஈரம் அந்தப் பெயிண்டையும் சேர்த்து தள்ளிக்கிட்டு வரும்.

ஈரம் இருக்கான்னு சந்தேகமா இருந்தா ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணை நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம சுவர்ல ஒட்டிடுங்க. குறைஞ்சது 16 மணி நேரம் விட்டு எடுத்துப் பாருங்க. ஷீட்டோட உள்பக்கம் வேர்த்திருந்தாலோ அந்த இடத்துல சுவர் கருத்திருந்தாலோ உள்ள ஈரம் இருக்கு, பெயிண்ட் வேலைய தள்ளி வைங்க.

உப்பு பூக்கறதுன்னா சுவர்மேல வெள்ளையா பூஞ்ச மாதிரி வர்றது, ஆனா பூஞ்சை இல்ல. செங்கல், சிமெண்ட்ல இருக்கிற உப்பு தண்ணில கரைஞ்சு வெளிய வந்து, தண்ணி ஆவியானதும் மேல படிஞ்சு நின்னுடுது. இதை ஈரத்துணியால துடைச்சா கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும், அதனால காய்ஞ்ச பிரஷால தட்டி எடுக்கறதுதான் முறை.

சாக்கிங்: பழைய பெயிண்ட் மேல கையை வச்சு இழுத்தா வெள்ளைத்தூள் ஒட்டிக்கிட்டு வந்தா அதான். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு பெயிண்ட்ல இருக்கிற ஒட்டுப்பொருள் செத்துப்போய் தூள் மட்டும் மிஞ்சியிருக்கு. இந்தத் தூள் மேல எவ்ளோ நல்ல பெயிண்ட் அடிச்சாலும் அது சுவரைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும், தூளோட சேர்ந்து கீழ வரும்.

கீறல்ல ஏர் கிராக்னா முடி அளவு மெல்லிசு, மேல்பூச்சுல மட்டும் இருக்கும். அதைவிட அகலமா, நகம் உள்ள போற அளவுக்கு இருந்தா அதை வி வடிவத்துல கீறி அகலப்படுத்தி கிராக் ஃபில்லர் வச்சு அடைக்கணும், வெறும் பட்டிய, அதாவது சுவரை சமன் பண்ற களிம்பை, மேல இழுத்தா கொஞ்ச நாள்ல அதே கோடு திரும்ப தெரியும். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா, படிப்படியா இறங்குற பெரிய கீறல்னா அது பெயிண்டர் வேலையே இல்ல, இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

படி 2: சுரண்டறது, தேய்க்கறது

இதை கொட்டேஷன்ல "சர்ஃபேஸ் பிரிப்பரேஷன்"னு ரெண்டே வார்த்தையில முடிச்சிடுவாங்க. என்னைக் கேட்டா மொத்த வேலையோட ஆயுசும் இங்கதான் இருக்கு, அதனால இந்த ரெண்டு வார்த்தைய பிரிச்சு எழுதச் சொல்லுங்க. சுரண்டறதுன்னா தளர்ந்து நிக்கிற பழைய பெயிண்டை மட்டுமா, இல்ல மொத்தத்தையும் பூச்சு தெரியற வரைக்குமா? கழுவறது உண்டா? தேய்க்கறது எந்த தாள்ல?

உப்புத்தாள் அல்லது எமரித்தாள்ல இருக்கிற நம்பர் அதுல ஒட்டியிருக்கிற மணலோட நைஸைக் காட்டுது, நம்பர் கூடக்கூட தாள் நைஸ். பழைய பெயிண்டை கிழிக்க 80, முதல் பட்டிக்கு 120 இல்லேன்னா 150, ரெண்டாவது பட்டிக்கு 180ல இருந்து 220, எனாமல் கோட்டுக்கு நடுவுல 320. 80ம் நம்பர் தாளால கடைசிப் பட்டிய தேய்ச்சா சுவர் பூரா கோடு விழும், பெயிண்ட் அதை மறைக்காது.

ஒரு எச்சரிக்கை. ரொம்பப் பழைய வீடுகள்ல இருக்கிற பழைய ஆயில் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில தேய்ச்சா வர்ற தூசி குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து, மூளை வளர்ச்சியவே பாதிக்கும். சந்தேகம் இருந்தா ஈரமா வச்சுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க, தூசிய பெருக்காம ஈரத்துணில துடைச்சு எடுங்க, குழந்தைங்க அந்தப் பக்கமே வரக்கூடாது.

படி 3: பிரைமரும் பட்டியும்

பிரைமர்ங்கறது ரெண்டு வேலை செய்யுது, சுவர் உறிஞ்சறதைக் குறைக்குது, மேல வர்ற கோட்டுக்கு பிடிமானம் குடுக்குது. பிரைமர் இல்லாம அடிச்சா சுவர் ஒரு இடத்துல நிறைய உறிஞ்சும், இன்னொரு இடத்துல கம்மியா உறிஞ்சும், ஒரே கலர் ரெண்டு ஷேடா தெரியும். பழைய பெயிண்ட் நல்லா பிடிச்சிருந்து அதே ரக பெயிண்டையே திரும்ப அடிக்கறதா இருந்தா சுவர் பூரா பிரைமர் தேவையில்லை, பட்டி வச்ச இடத்துக்கு மட்டும் போதும், இதை "ஸ்பாட் பிரைமர்"னு சொல்லுவாங்க.

பட்டி பார்க்கறதுன்னா பட்டித்தகடால மெல்லிசா இழுத்து மேடு பள்ளத்தை சமன் பண்றது. ரெண்டு வகை பட்டி புழக்கத்துல இருக்கு. ஒயிட் சிமெண்ட் பட்டி தூளா வரும், தண்ணி கலந்து வெறும் பூச்சு மேலயே போடலாம், சுவரை முதல்ல லேசா நனைச்சுக்கணும். கலக்கினதை ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும், இந்த அவகாசத்துக்குப் பேரு பாட் லைஃப். இறுகிப்போனதுல திரும்பத் தண்ணி ஊத்தி கலக்கறதைப் பார்த்தா உடனே நிறுத்துங்க, அந்தப் பட்டிக்கு பலமே இருக்காது. இன்னொண்ணு அக்ரிலிக் பட்டி, களிம்பா டப்பால வரும், இதை பிரைமர் அடிச்சு அதுமேல போடணும், உள்சுவருக்கு மட்டும்.

"முதல்ல பிரைமரா பட்டியா"ங்கற முடிவில்லாத சண்டைக்கு விடை இதுலயே இருக்கு. சிமெண்ட் பட்டின்னா பூச்சு, பட்டி, அப்புறம் பிரைமர். அக்ரிலிக் பட்டின்னா பிரைமர், பட்டி, திரும்ப ஒரு பிரைமர். எப்படிப் போனாலும் பட்டிக்கு மேல ஒரு பிரைமர் இருக்கணும், ஏன்னா பட்டி பயங்கரமா உறிஞ்சும்.

பட்டில கேக்க வேண்டிய அளவு: ஃபுல் பட்டியா, இல்ல ஓட்டை கீறல் இருக்கிற இடத்துல மட்டும் டச்சிங்கா? எத்தனை கோட்? எவ்ளோ கனம்? பொதுவா ரெண்டு கோட்டும் சேர்ந்து 1.5 மில்லிமீட்டருக்குள்ள நிக்கணும். சுவர் அதுக்கு மேல கோணலா இருந்தா அது பூச்சு வேலையில சரி பண்ண வேண்டியது, பட்டியால நிரப்பினா கனம் தாங்காம வெடிக்கும்.

பட்டி சரியா வந்திருக்கான்னு பகல்ல பார்த்தா தெரியாது. இருட்டினதுக்கு அப்புறம் ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை சுவரோட ஒட்டி, டார்ச்சோட முன்கண்ணாடி ஓரம் சுவர்ல படற அளவுக்கு பக்கவாட்டுல வச்சு அடிங்க. வெளிச்சம் சுவரை உரசிக்கிட்டே போகும்போது சின்ன மேட்டுக்குக்கூட நிழல் விழும், தகடு இழுத்த கோடு, தேய்க்காம விட்ட இடம், ஸ்விட்ச் பெட்டிய சுத்தி இருக்கிற பள்ளம் எல்லாம் அப்பட்டமா தெரியும். தெரியற இடத்தையெல்லாம் பென்சில்ல லேசா வட்டம் போட்டு வச்சு காலைல ஆள் வந்ததும் காட்டுங்க. பேனா வேண்டாம், மை பெயிண்டைத் தாண்டி வெளிய வரும். இந்த ஒரு சோதனைய பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி செய்றவங்க ரொம்பக் கம்மி, அப்புறம் குழல்விளக்கு போட்டதும் சுவர் அலை அலையா இருக்குன்னு புலம்புவாங்க.

படி 4: டப்பாவைப் படிக்கறது

எந்தப் பெயிண்டா இருந்தாலும் உள்ள நாலு சாமான்தான். நிறம் குடுத்து மறைக்கிறது பிக்மென்ட், அதை சுவரோட ஒட்டி வைக்கிறது பைண்டர், எல்லாத்தையும் ஓடவைக்கிறது தண்ணி அல்லது தின்னர், மிச்சம் கொஞ்சம் சேர்மானம், அதை அடிடிவ்னு சொல்லுவாங்க. விலை குறைக்கணும்னா பைண்டரைக் குறைச்சு சுண்ணாம்புக்கல் தூள் மாதிரியான எக்ஸ்டெண்டர் சேர்ப்பாங்க. பைண்டர் கம்மியான பெயிண்ட் பார்க்க நல்லா மூடின மாதிரி இருக்கும், ஆனா ஈரத்துணியால துடைச்சா கையோட வந்துடும்.

இதுல ரக வார்த்தைகள் சுருக்கமா: டிஸ்டெம்பர்னா பைண்டர் கம்மி, கழுவ முடியாது, மலிவு. எமல்ஷன்னா தண்ணில ஓடற பிளாஸ்டிக் பைண்டர், கழுவலாம், வாசனை கம்மி. எனாமல்னா ஆயில் ரகம், தின்னர் அல்லது டர்பன்டைன்ல கரையும், மரம் இரும்புக்கு. சுண்ணாம்பு அடிக்கறது தனி ரகம், அது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கிட்டு கல்லா இறுகுது, ஈரமா இருக்கும்போது அடில இருக்கிறது ஊடுருவித் தெரியும், காய்ஞ்சதும் வெள்ளை ஏறும். வி.ஓ.சி.ன்னா காயும்போது காத்துல கலக்கிற ரசாயன ஆவி, லிட்டருக்கு எத்தனை கிராம்னு போட்டிருக்கும், கம்மியா இருக்கிறது நல்லது. "பிரீமியம்", "ராயல்", "லக்ஷுரி" மாதிரி வார்த்தைங்க எந்த அளவையும் குறிக்காது, விற்பனை வார்த்தை, தாண்டிப் போயிடுங்க.

இப்ப முக்கியமான வார்த்தை, கவரேஜ். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி போகும்ங்கறது. ஏமாறுற இடம் எங்கன்னா, டப்பால போட்டிருக்கிறது ஒரு கோட்டுக்கா ரெண்டு கோட்டுக்கான்னு பார்க்காம விடறது.

கணக்குப் போட்டே பார்ப்போம். 12க்கு 10 ரூம், உயரம் 10 அடி. சுத்தளவு 44 அடி, அதை 10ஆல பெருக்கினா சுவர் 440 சதுர அடி. 7க்கு 3 கதவு ஒண்ணு 21, 4க்கு 4 ஜன்னல் ரெண்டு 32, கழிச்சா 387, சரி 390ன்னு வச்சுக்கலாம். ரெண்டு கோட்டுக்கு 780. டப்பால லிட்டருக்கு 120 சதுர அடின்னு இருந்து அது ஒரு கோட்டுக்குன்னா ஆறரை லிட்டர் வேணும். அதையே ரெண்டு கோட்டுக்குன்னு தப்பா படிச்சிருந்தா மூணேகால் லிட்டர்தான் வாங்கியிருப்பீங்க, வேலை பாதில நின்னுடும். சீலிங் 120 சதுர அடி தனி. கவனிச்சீங்களா, தரை 120 சதுர அடிதான், ஆனா சுவரும் சீலிங்கும் சேர்ந்து 510 வருது. அதனால "சதுர அடிக்கு இவ்வளவு"ன்னு யாராவது சொன்னா தரை அளவா, பெயிண்ட் படற அளவா, கதவு ஜன்னல் கழிச்சா கழிக்காமலான்னு மூணையும் கேட்டுடுங்க.

அடுத்தது டைல்யூஷன், எவ்ளோ தண்ணி கலக்கறதுங்கறது. ஒரு லிட்டர் பெயிண்டை 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 108 சதுர அடில பரப்பினா ஈரத்துல 100 மைக்ரான் கனம் நிக்கும். அந்தப் பெயிண்ட்ல காய்ஞ்சு மிஞ்சற கெட்டிப்பொருள் 35 சதவீதம்னா காய்ஞ்சதும் 35 மைக்ரான். அதே லிட்டர்ல 400 மில்லி தண்ணி சேர்த்து அதே 100 மைக்ரான் ஈரக்கனத்துல அடிச்சா 14 சதுர மீட்டர் வரைக்கும் இழுக்கலாம், ஆனா காய்ஞ்சா நிக்கிறது 25 மைக்ரான்தான். டப்பால எவ்ளோ தண்ணி சொல்லியிருக்கோ அதோட கனம் வச்சுத்தான் கம்பெனி கணக்குப் போட்டிருக்கும். அதுக்கு மேல ஊத்தி அடிக்கிற "ரெண்டு கோட்" பேருக்குத்தான் ரெண்டு. அளவுக் குவளை வச்சு கலக்கச் சொல்றதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

படி 5: மினுமினுப்பு

மேட், எக்‌ஷெல், சாட்டின், செமி கிளாஸ், கிளாஸ்னு போகும் வரிசை, மினுமினுப்பு ஏறிக்கிட்டே போகும். மினுமினுப்பை மீட்டர் வச்சு அளக்கிறாங்க, பெரும்பாலும் 60 டிகிரி கோணத்துல வெளிச்சம் அடிச்சு எவ்ளோ திரும்பி வருதுன்னு பார்ப்பாங்க. ஆனா கம்பெனிக்கு கம்பெனி பேரு மாறும், ஒருத்தர் சாட்டின்ங்கறது இன்னொருத்தருக்கு சாஃப்ட் ஷீன், அதனால பேரை நம்பாம அடிச்சுக் காய்ஞ்ச சாம்பிளைப் பாருங்க.

தேர்ந்தெடுக்க ஒரே விதிதான்: மினுமினுப்பு கூடினா கழுவ வசதி, ஆனா சுவர்ல இருக்கிற குறையெல்லாம் தெரியும். சீலிங்குக்கும் கோணல் சுவருக்கும் மேட், கை படற இடத்துக்கும் சமையலறைக்கும் சாட்டின், கதவு கிரில்லுக்கு கிளாஸ். மேட் சுவரை அழுத்தித் துடைச்சா அந்த இடம் மட்டும் பளபளன்னு ஆயிடும், இதுக்கு பர்னிஷிங்னு பேரு, கறையவிட அசிங்கமா தெரியும்.

படி 6: கலர் வார்த்தைகள்

ஷேட் கார்டுல கலரைக் காட்டினா கடையில மெஷின் வச்சு கலக்கிக் குடுப்பாங்க, இது டின்டிங். எதுல கலக்கறாங்கங்கறதுதான் பேஸ். வெளிர் கலர்னா ஒயிட் பேஸ், அதுல டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும், மறைக்கிற சக்தி அதுல இருந்துதான் வருது. அடர் சிவப்பு, அடர் மஞ்சள்னா டீப் பேஸ் இல்லேன்னா கிளியர் பேஸ், அதுல வெள்ளை ரொம்பக் கம்மி, அதனால மறைக்காது, மூணு நாலு கோட் கேக்கும். "நல்ல பெயிண்ட்தானே, ஏன் அடில இருக்கிறது தெரியுது"ன்னு பெயிண்டரோட சண்டை போடறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. அடில பிரைமரையே அந்தக் கலருக்கு நெருக்கமா, இல்லேன்னா சாம்பல்ல டின்ட் பண்ணி அடிச்சா ஒரு கோட் மிச்சம்.

எல்.ஆர்.வி.ங்கற நம்பர் கார்டோட பின்பக்கம் இருக்கும், 0ல இருந்து 100 வரைக்கும், எவ்ளோ வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுன்னு காட்டும். வெளிச்சம் கம்மியான ரூமுக்கு கலரைவிட இந்த நம்பரைப் பார்த்து முடிவு பண்றது புத்திசாலித்தனம். மெட்டமெரிசம்னா ரெண்டு கலர் பகல்ல ஒண்ணாவும் பல்ப் வெளிச்சத்துல வேற வேறயாவும் தெரியறது. சாம்பிளை ரெண்டடிக்கு ரெண்டடி அட்டையில அடிச்சு பகல்லயும் ராத்திரியும் அந்தச் சுவர்லயே சாய்ச்சு வச்சுப் பாருங்க.

பேட்ச் நம்பர்னா எந்தத் தயாரிப்புத் தொகுதில வந்த டப்பான்னு காட்டறது: ஒரே கலர் நம்பர்ல கலக்கினாலும் வேற வேற பேட்ச் டப்பால மயிரிழை வித்தியாசம் வரும். ஒரு சுவருக்கு வேண்டியதை மொத்தமா வாங்கி, பெரிய வாளில எல்லா டப்பாவையும் ஒண்ணா ஊத்தி கலக்கிட்டு அடிக்கணும். இதுக்கு பாக்ஸிங்னு பேரு. சுவரோட நடுவுல டப்பா மாத்தினா அந்த இடம் தெரிஞ்சே தீரும்.

படி 7: அடிக்கறது

கட்டிங்னா ரோலர் போகாத மூலை, சீலிங் ஓரம், ஜன்னல் ஓரம், ஸ்விட்ச் பெட்டி சுத்தி பிரஷால நேர்க்கோடா அடிச்சுக்கறது. வீடு பூரா கட்டிங் முடிச்சுட்டு அப்புறம் ரோலர் எடுக்கறவங்க இருக்காங்க, வேகமா இருக்குன்னு. ஆனா கட்டிங் காய்ஞ்சதுக்கு அப்புறம் ரோலர் ஓட்டினா ஓரத்துல ஃபோட்டோ ஃபிரேம் மாதிரி அடர்த்தியா ஒரு பட்டை தெரியும். ஒரு சுவருக்கு கட்டிங், ஈரம் காயறதுக்குள்ள அதே சுவருக்கு ரோலர், இதான் முறை. இந்த ஈரமான ஓரத்துக்குப் பேரு வெட் எட்ஜ், அதை விட்டுட்டா ரெண்டு தடவை பட்ட இடத்துல விழற கோடு லேப் மார்க். சுவர் நடுவுல டீ குடிக்கப் போகக்கூடாதுன்னு சொல்றது இதுக்காகத்தான்.

ரோலர்ல கேக்க வேண்டிய அளவு முடி நீளம், நாப்னு சொல்லுவாங்க. வழவழன்னு இருக்கிற சுவருக்கும் எனாமலுக்கும் 6 மில்லிமீட்டர், சாதாரண சுவருக்கு 10, 12, சொரசொரப்பான வெளிச்சுவருக்கு 18க்கு மேல. பெரிய முடி ரோலரை வழவழ சுவர்ல ஓட்டினா ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா வரும், இதுக்கு ஆரஞ்சு பீல்னு பேரு. பிரஷ்ல தண்ணிப் பெயிண்டுக்கு நைலான் முடி, ஆயில் பெயிண்டுக்கு இயற்கை முடி, ஏன்னா இயற்கை முடி தண்ணில ஊறி தொளதொளன்னு ஆயிடும்.

லே ஆஃப்னா கடைசியா பெயிண்ட் எடுக்காம, அழுத்தாம, ரோலரை மேல இருந்து கீழ ஒரே திசையில இழுத்து விடறது. இதைச் செய்யற பெயிண்டரோட சுவர் தனியா தெரியும்.

படி 8: காயறது

"காய்ஞ்சிடுச்சு"ங்கற வார்த்தைக்கு மூணு அர்த்தம் இருக்கு. டச் ட்ரைன்னா விரல்ல ஒட்டாது, எமல்ஷனுக்கு அரை மணி நேரத்துல வந்துடும். ரீகோட் டைம்னா அடுத்த கோட் அடிக்கலாம், பெரும்பாலும் 2ல இருந்து 4 மணி நேரம், எனாமலுக்கு ராத்திரி பூரா. ஃபுல் க்யூர்னா கழுவலாம் துடைக்கலாம், அதுக்கு ரெண்டு மூணு வாரம்கூட ஆகும். டச் ட்ரை ஆனதுமே ரெண்டாவது கோட் அடிச்சா முதல் கோட் சுருண்டு ரோலரோட வரும். ஈரப்பதம் ஜாஸ்தியான நாள்ல எல்லா நேரத்தையும் கூட்டிக்குங்க. கொதிக்கிற வெயில் நேரா விழற சுவர்லயும் அடிக்க வேண்டாம், மேல்தோல் மட்டும் காய்ஞ்சு உள்ள ஈரம் மாட்டிக்கும், கொப்புளம் வரும்.

படி 9: மரமும் இரும்பும்

மரத்துல துளையெல்லாம் அடைக்கறது சீலர். ஸ்டெயின் நிறம் மட்டும் குடுக்கும், பாதுகாப்பு குடுக்காது, மேல வார்னிஷ் வேணும். பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ்ல ரெண்டு டப்பா கலக்கிற ரகம்னா பாட் லைஃப் கேட்டுட்டு கலக்குங்க. ஆளி விதை எண்ணெய்ல நனைஞ்ச துணிய உருட்டி மூலையில போடாதீங்க, அது காயும்போது சூடாகி தானாவே தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போடுங்க, இல்லேன்னா தண்ணில முக்கி மூடி வைங்க.

இரும்புக்கு துரு எடுத்துட்டு ரெட் ஆக்சைடு பிரைமர். ஆனா கால்வனைஸ் பண்ண ஷீட், பைப்புல நேரா ஆயில் பெயிண்ட் நிக்காது, துத்தநாகத்தோட சேர்ந்து கழண்டுடும், அதுக்கு எட்ச் பிரைமர் தனியா இருக்கு.

படி 10: குறைக்குப் பேரு சொல்லத் தெரியறது

வேலை முடிஞ்சு பார்க்கும்போது "நல்லா இல்ல"ன்னு சொன்னா பேச்சு எங்கயும் போகாது. பேரு சொன்னா காரணம் தெரியும், யார் சரி பண்ணணும்னும் தெரியும். வழியறதுன்னா கண்ணீர்க்கோடு மாதிரி இறங்கி நிக்கிறது, கனமா அடிச்சது இல்லேன்னா தண்ணி ஜாஸ்தி, தேய்ச்சு திரும்ப அடிக்கணும். கொப்புளம் வந்தா ஒண்ணை வெட்டிப் பாருங்க, அடில பூச்சு தெரிஞ்சா சுவர் ஈரம், பழைய பெயிண்ட் தெரிஞ்சா ரெண்டு கோட்டுக்கு நடுவுல பிரச்சினை. உரியறது பெரும்பாலும் தூசி மேல அடிச்சதால. ஃபிளாஷிங்னா ஒரே சுவர்ல அங்கங்க மினுமினுப்பு மாறித் தெரியறது, பட்டி வச்ச இடத்துக்கு பிரைமர் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். மறைக்கலன்னா கோட் கம்மி, இல்லேன்னா தண்ணி ஜாஸ்தி, இல்லேன்னா டீப் பேஸ் கலர்.

படி 11: கொட்டேஷன்ல எழுத வைக்கறது

இவ்ளோ தெரிஞ்சுக்கிட்டு வாய்ப்பேச்சுல விட்டா பிரயோஜனம் இல்ல. "ஹால் சுவர், 390 சதுர அடி, கதவு ஜன்னல் கழிச்சது. பழைய பெயிண்ட் மொத்தமும் பூச்சு தெரியற வரைக்கும் சுரண்டல், 80ம் நம்பர் தாள். சிமெண்ட் பட்டி ரெண்டு கோட், 150, 220 தாள். பிரைமர் ஒரு கோட். எமல்ஷன் ரெண்டு கோட், டப்பால உள்ள அளவுக்குத்தான் தண்ணி, கோட்டுக்கு நடுவுல 4 மணி நேரம்." இந்த மாதிரி ரூமுக்கு ஒரு பத்தி போதும். கூடவே சாமான் மூடுறதும் தரை சுத்தம் பண்றதும் யாரு, வெளிச்சுவர்னா சாரம் கட்டுற செலவு யாரு, காலி டப்பா யாருக்குன்னும் எழுதிடுங்க. நல்ல பெயிண்டர் இதைப் பார்த்து கோவப்பட மாட்டாரு, அவருக்கும் இதனால நிம்மதிதான், கம்மி ரேட்டு சொல்லி ஒரு கோட்டை முழுங்கறவங்களோட அவரை ஒப்பிட மாட்டீங்கன்னு தெரியும்.

கடைசி வார்த்தை டச்சப். சாமான் எடுத்து வைக்கும்போது பட்ட கீறல், டேப் உரிச்சப்போ வந்த ஓரம் இதையெல்லாம் சரி பண்றது. மேட்ல இது சுலபமா மறையும், மினுமினுப்பு ஜாஸ்தியான பெயிண்ட்ல திட்டு தெரியும், அதுல சின்ன இடத்துக்கும் மூலைல இருந்து மூலை வரைக்கும் அந்தச் சுவர் பூராவும் ஒரு கோட் ஓட்டறதுதான் வழி. முதல்ல எந்த டூல்ல அடிச்சீங்களோ அதே டூல்லதான் டச்சப் பண்ணணும், ரோலர் அடிச்ச சுவர்ல பிரஷால தொட்டா தடம் காட்டிக் குடுத்துடும். இதுக்காகவே கலருக்கு அரை லிட்டர் மிச்சம் எடுத்து, டப்பால காத்து ரொம்ப இல்லாத மாதிரி சின்ன டப்பாவுக்கு மாத்தி, மூடில ரூம் பேரு, ஷேட் கோடு, பேஸ், பேட்ச் நம்பர், அடிச்ச தேதி எல்லாம் மார்க்கர்ல எழுதி வெயில் படாத இடத்துல வைங்க.